எண்ணி முடிக்காத கூட்டம்

அருணாதேவி பார்க்காத பறவை ஒன்று இருக்குமானால் அது இன்னும் முட்டைக்குள்ளேதான் இருக்க வேண்டும். இதை அவளே சொல்வாள். அதுவும் கடைக்கு வந்தவர் பழைய கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாமல் விழிக்கும் நேரம் பார்த்துச் சொல்வாள். பிறகு அவளே, "கொஞ்சம் ஜாஸ்திதான். ஒரு பத்துப் பதினஞ்சு பாக்கி இருக்கும். அதுங்களும் என்னைத் தேடிக்கிட்டுதான் சுத்தும்," என்று ஒத்துக்கொள்வாள்.

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவளும் கணவர் சக்கரபாணியும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். உள்ளே அவர் கண்ணாடி தேய்ப்பார். வெளியே இவள் ஆளைத் தேய்ப்பாள்.

"இதைப் போட்டுக்கிட்டு வெளிய வந்து மலையைப் பாருங்க. உச்சியில தீபக் கொப்பரை இருக்குதே, அதுல அடிச்ச ஆணி தெரியும்."

உள்ளேயிருந்து சக்கரபாணி குரல் கொடுப்பார். "கொப்பரை கார்த்திகைக்குத்தான் மேல போவும். இது மாசி."

"அப்போ ஆணி அடிச்ச ஓட்டை தெரியும்," என்பாள் அருணாதேவி, கொஞ்சமும் அசராமல். வந்தவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை வாங்கிப் போவார். இவள் சொல்வதும் யாராவது ஒருவர் திருத்துவதுமாகத்தான் அந்தக் கடையில் முப்பது வருட வியாபாரம் நடந்திருக்கிறது.

சொந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பாவுக்குக் கிரிவலப் பாதையை ஒட்டி வேர்க்கடலைக் காடு. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஓட்டை டின்னைக் குச்சியால் தட்டிக் காக்கையையும் மயிலையும் விரட்ட வேண்டும். எதை விரட்டுகிறோம் என்று பார்க்கத் தொடங்கியவள், பார்ப்பதிலேயே நின்றுவிட்டாள். கடலை பாதி போனது. அப்பா திட்டியதற்கு, "நூறு மயில் வந்துச்சுப்பா, நான் ஒருத்தி என்னா பண்ணுவேன்?" என்றாளாம். வந்தது நான்கு. அவள் பொய்யின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

பிறகு அரசுக் கல்லூரியில் விலங்கியல் முதுகலை வரை படித்தாள். ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. கல்யாணமாகிக் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் விற்காமல் கிடந்த ஒரு பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டினவள் இன்றுவரை கழற்றவில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு.

ஊரில் பறவை பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. பெரிய கோயிலில் அர்ச்சகராக இருக்கும் குஞ்சிதபாதம்தான் தலைவர். கோபுரத்துக் கிளியைப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர். அவருடைய மகள் அம்ருதா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். குழுவில் ஒரு வழக்கம் உண்டு: அருணாதேவி எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஏரியில் நானூறு நாமக்கோழி என்றால் நாற்பது. வகுத்தலைக் கொண்டுவந்தவள் கணக்கு டீச்சர் அம்ருதாதான். அருணாதேவிக்கு அதில் வருத்தமே கிடையாது. வகுப்பார்கள் என்று தெரிந்து அதற்கேற்பப் பெருக்கியே சொல்வாள்.

இந்த மாசியில்தான் அந்த வேடிக்கை அவள் கழுத்தைப் பிடித்தது.

கோயில் முறை இருந்த குஞ்சிதபாதம் தவிர, குழுவிலிருந்து பத்துப் பேர் வனத்துறையிடம் அனுமதி வாங்கித் தெற்கே கடலுக்குள் இருக்கும் ஒரு சிறு தீவுக்குப் போனார்கள். தீவின் பெயரை அருணாதேவி இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "தண்ணிக்கு நடுவுல இருக்கு," என்பாள். ஆள் கிடையாது, மரம் கிடையாது. மணலும் சிப்பியும் முழங்கால் உயரப் புதரும்தான். குளிர்காலம் முடியும் அந்த நாட்களில் வடக்கேயிருந்து வந்த பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாக ஒதுங்கும்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் படகு வடகரையில் ஒட்டியது. இறங்கியவர்களில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிப் படகிலேயே போட்டார். அதைப் பார்த்து அடுத்தவர், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். படகுக்காரர் திகைத்துப்போய், "கோயிலுக்கா வந்தீக?" என்று கேட்டார். பிறகு மேற்கே கையைக் காட்டி, "இப்படிச் சுத்துனீகன்னா வெயிலு முதுகுல விழும். பறவ அந்தக் கோடியிலதான் ஒதுங்கிக் கிடக்கும்," என்றார்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுக் கிழக்கே திரும்பி நடந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்றிப் பழகிய கால்கள் அவை. நடுவில் மலை இருந்தாலும் மணல் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

அருணாதேவி மட்டும் மேற்கே போனாள்.

"என்னாக்கா, இடமா போறீங்க?" என்று கத்தினார் கலையரசன். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர், குழுவின் வாய்.

"இது அண்ணாமலை இல்லப்பா, வெறும் மணல்மேடு. சாமி கோச்சுக்காது. வெயில்தான் கோச்சுக்கும்!"

கால்மணி நேரத்தில் மேற்குக் கோடிக்குப் போய்விட்டாள். கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல ஒரு மணல் திட்டு. கடல் ஏறியிருந்த நேரம். இரை தேடும் சேறெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்ததால், பறவைகளுக்கு நிற்க மிஞ்சியது அந்த நாக்கு மட்டுந்தான். அத்தனையும் அங்கே நின்றன. ஆலாக்கள், உப்புக்கொத்திகள், எல்லாவற்றுக்கும் முன்னால் வளைமூக்கு உள்ளான்கள். ஒற்றைக் காலில், காற்றுக்கு எதிராக நெஞ்சை வைத்து, அலகை முதுகுக்குள் செருகி. எடை போட்டால் ஒரு கோழிமுட்டை இருக்கும் அந்த உள்ளான், பங்குனி சித்திரையில் கிளம்பி வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்துக்குப் போக வேண்டும். அதற்கு உடம்பில் கொழுப்பு ஏற வேண்டும். தின்னும் நேரத்தில் தின்று, கடல் ஏறும் நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். சிலவற்றின் வயிற்றில் செம்மை படரத் தொடங்கியிருந்தது. ஊருக்குக் கிளம்பப் புதுத்துணி எடுத்து வைத்ததுபோல.

அருணாதேவி புதரோரம் மண்டிபோட்டாள். கூட்டத்தைக் கண்ணாலேயே கட்டம் கட்டிப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. இருப்பதே போதுமானதாக இருந்தது.

அதே நேரத்தில் கிழக்கே போனவர்கள் நிலைமை வேறு. சூரியன் நேரே கண்ணில். எந்தப் பறவையைப் பார்த்தாலும் கரித்துண்டு. போதாததற்குச் சிப்பி காலைக் கிழித்தது. ஏழு பேர் பாதி வழியிலேயே உட்கார்ந்து உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். சுற்றை முடிக்க நடந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பிரசாத். தேரடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாண ஆல்பத்தில் பேர்போனவன். அவன் மட்டும் ஷூவைக் கழற்றியிருக்கவில்லை. இன்னொருத்தி, அவனிடம் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருந்த அம்ருதா. வெறுங்காலோடு நொண்டிக்கொண்டே போனாள்.

ஒரு படம்கூட உருப்படியாக விழாத எரிச்சலோடு பிரசாத் தென்கரை வழியாக முதலில் வந்து சேர்ந்தான்; அம்ருதா அருணாதேவியின் கண்ணில் படாமல் வெகு பின்னால் நொண்டிக்கொண்டிருந்தாள். மணல் திட்டைப் பார்த்தான். இரண்டு படம் எடுத்தான். நிற்கிற பறவையில் என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். கேமராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டு, "ஏய்ய்ய்!" என்று கத்தியபடி கூட்டத்தை நோக்கி ஓடினான்.

எதிர்ப் பக்கத்தில் அருணாதேவி எழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் பறவை இன்னும் மிரளும். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் அவள் ஓட்டமும் பறவைக்கு ஓட்டந்தான். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திட்டே பெயர்ந்து வானத்துக்குப் போனதுபோலக் கூட்டம் எழும்பித் திரும்பி, வெள்ளையாய்ப் பளிச்சிட்டு, மறுபடி கறுத்துக் கடலுக்கு மேலே போய்விட்டது.

அவ்வளவுதான் அவள் பார்த்தது. அதற்கு மேல் அங்கே நின்றால் அவனை என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த வழியே படகுக்குத் திரும்பிவிட்டாள். ஊர் வந்து சேரும்வரை வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் தேரடியில் ஃப்ளெக்ஸ் எழும்பியது. ஒரு பக்கம் பிரசாத் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வானம் முழுக்க உள்ளான்கள். ‘தீவு கண்ட திருவண்ணாமலைத் திலகமே!’ அதற்குக் கீழே அடுத்த அறிவிப்பு: மாசி கடைசி ஞாயிறு மீண்டும் தீவுப் பயணம், நாற்பது பேருக்கு மட்டும், ட்ரோன் படப்பிடிப்பு உண்டு.

அன்று கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

"ஒண்ணு தெளிவா இருக்குதா, ரெண்டு தெளிவா இருக்குதா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"அதெப்படி ஒரே மாதிரி இருக்கும்? கண்ணு முன்னால நடக்கிறதைக்கூட ஒழுங்காப் பார்க்க மாட்டீங்களா?"

சக்கரபாணி எழுந்து வந்து அவள் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை வாங்கிக்கொண்டார். "அவரு கண்ணு என்னா பாவம் பண்ணுச்சு? உள்ள போய் உக்காரு."

அவள் உள்ளே போய் உட்காரவில்லை, நின்றாள். "நாப்பது பேரு! அதுக்கு மேல ட்ரோன் வேற. கல்யாணத்துல ஜரிகைப் பேப்பரு வெடிக்க வெச்சு எடுப்பானே, அந்த மாதிரின்னு நெனச்சுக்கிட்டான் போல. அதுங்க சோறு தண்ணி இல்லாம எத்தினி ஆயிரம் மைல் போவணும் தெரியுமாங்க? ஒரு தடவை எழுப்பினா ஒரு வேளை சோறு போச்சு. நாப்பது பேரு எழுப்பினா எதை வெச்சுப் பறக்கும்?"

"குருக்கள்கிட்ட சொல்லு. அவரு கையெழுத்து இல்லாம வனத்துறை அனுமதி குடுக்காது."

"குரூப்புல போட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

அவள் போனைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள். பிரசாத் பறவையை விரட்டினான் என்று அவள் எழுதியதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கடைசியில் கலையரசன்: ‘பத்தால வகுத்தா பிரசாத்து லேசா தும்மியிருப்பாரு.’

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நேர்ல சொல்லு. ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஒரு நாளைக்குக் கொசுறு போடாத. பார்த்தது எவ்ளோவோ அவ்ளோதான்."

"என் கொசுறு உனக்குத் தெரியுது, அவன் செஞ்சது தெரியலை!" என்று கோபத்தில் அவரை ஒருமையில் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடி தேய்க்கப் போய்விட்டார்.

கூட்டம் வழக்கம்போல ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக் கொட்டகையில் நடந்தது. எதிரே மலை. நாற்காலிகள் நிறைந்து, சினேகா என்ற புதுப் பெண் இடமில்லாமல் தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்திருந்தாள். தலைவர் குஞ்சிதபாதம் முன்னால் பயணக் கடிதம் இருந்தது. பேனா மூடியைத் திறந்து வைத்துவிட்டு போண்டாவைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்ருதா, இரண்டு பாதத்திலும் பிளாஸ்திரியோடு.

"கையெழுத்துப் போடாதீங்க சாமி," என்றாள் அருணாதேவி. எழுந்து நின்றே சொன்னாள்.

"உக்காந்து சொல்லேம்மா. என்ன ஆச்சு?"

"இந்தப் பிரசாத்து உறங்கிட்டிருந்த கூட்டத்தை ஓடி விரட்டினான். அத்தனையும் எழும்பிச்சு. விரட்டித்தான் அந்தப் படம். இவனை நம்பி நாப்பது பேரை அனுப்பினா அந்தத் தீவுல ஒரு றெக்கைகூட மிஞ்சாது. இல்ல, இல்ல. மிஞ்சும். ஆனா ஊர் போய்ச் சேராது."

பிரசாத் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அக்கா, பருந்து வந்துச்சு. கூட்டம் எழும்பிச்சு. நான் க்ளிக் பண்ணேன். அவ்ளோதான்."

"அந்தப் பருந்துக்கு ஷூவும் கழுத்துல கேமராவும் இருந்துச்சு!"

கொட்டகை சிரித்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்தவளுக்கு அன்றைக்கு ஒவ்வொரு சிரிப்பும் பல்லில் கல் கடித்தது போலிருந்தது.

குஞ்சிதபாதம் கையைத் துடைத்துக்கொண்டார். "மொத்தம் எத்தனை பறவை இருந்தது அருணா?"

கலையரசன் ஏற்கெனவே விரல்களை நீட்டி வகுக்கத் தயாராக வைத்திருந்தார்.

"தெரியாது," என்றாள் அருணாதேவி.

சிரிப்பு நின்றது. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

"தெரியாதுங்க சாமி. எண்ணிக்கிட்டிருந்தேன். முடிக்கிறதுக்குள்ள ஓடிட்டான்." பிரசாத்தை நோக்கி விரலை நீட்டினாள். "எத்தினி தடவை விரட்டினான்னு கேளுங்க. ஒரு தடவை. ஜாஸ்தி சொல்லலை. ஒரே ஒரு தடவை. இன்னிக்கு வகுக்காதீங்க. ஒண்ணைப் பத்தால வகுத்தா ஒண்ணுமே மிஞ்சாது."

பிரசாத் இப்போது சிரிக்கவில்லை. "சாமி, நாங்க எல்லாரும் முறையா வலமா போனோம். அக்கா மட்டும் இடமா போயிட்டாங்க. எதிர்ப் பக்கம் புதர்ல உக்காந்துக்கிட்டு இருந்தவங்களுக்கு என்னா தெரியும்? அப்புறம் பாதியிலயே படகுக்குப் போயிட்டாங்க. வேற யாரு பார்த்தாங்க, கேளுங்க."

"யாராவது பார்த்தேளா?" என்று குஞ்சிதபாதம் எல்லோரையும் கேட்டார்.

சிப்பியில் கால் கிழித்து உட்கார்ந்துவிட்ட ஏழு பேரும் போண்டாவைப் பார்த்தார்கள். கலையரசன் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார்.

"உன்னை நான் பொய்ன்னு சொல்லலைம்மா," என்றார் குஞ்சிதபாதம். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. "ஆனா நாற்பது பேர் பேர் குடுத்திருக்கா. ஒருத்தர் சொன்னதை வெச்சு, அதுவும் நீ சொன்னதை வெச்சு, எப்படி நிறுத்தறது? கூட நின்னு பார்த்தவா ஒருத்தர் சொல்லட்டும், நான் பேனாவை மூடிடறேன்."

அதுவும் நீ சொன்னதை வெச்சு. அருணாதேவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரசாத் மேல், கலையரசன் மேல், தும்மியிருப்பான் என்று சிரித்த அத்தனை பேர் மேல், கொப்பரையிலிருந்த ஆணி மேல், நான்கை நூறாக்கிய அந்தக் காலத்து மயில்கள் மேலும்கூட. அத்தனை பேரையும் ஒரே மூச்சில் திட்ட ஒரு சொல் தேடினாள். கிடைக்கவில்லை. குஞ்சிதபாதம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்பா," என்றாள் அம்ருதா.

அதுவரை அவள் யாரையும் பார்க்காமல் பாதத்துப் பிளாஸ்திரியின் ஓரத்தை உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்தாள். நிற்கும்போது வலித்திருக்க வேண்டும், மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னது தப்பு."

பிரசாத்தின் தோள் தளர்ந்து நாற்காலியில் இறங்கியது. அருணாதேவி கிளம்பிவிடப் பையை எடுத்தாள்.

"ஒரு தடவை இல்லைப்பா. மூணு தடவை. அக்கா போனதுக்கப்புறம் அதுங்க திரும்பி வந்து அதே இடத்துலதான் உக்காந்தது. வேற எடம் ஏது? இவர் காத்துண்டிருந்தார். மறுபடி ஓடினார். வெளிச்சம் சரியில்லைன்னு இன்னொரு தடவை."

"அம்ருதா, அது வந்து..." என்று பிரசாத் எழுந்தான்.

குஞ்சிதபாதம் பேனாவை மூடினார். அந்தச் சின்ன ‘டக்’ கொட்டகை முழுக்கக் கேட்டது.

அம்ருதா அவன் பக்கம் திரும்பவில்லை. அருணாதேவியைப் பார்த்துத்தான் சொன்னாள், வகுப்பில் பிழையான விடையைத் திருத்தும் அதே குரலில்:

"எழும்பிச்சுன்னு சொன்னீங்களேக்கா, அதுவும் மொதல் தடவைதான். மூணாவது தடவை பாதிக்கு மேல எழும்பவே இல்லை. நடந்துதான் போச்சு."